திறந்த கதவுக்குக் கீழே ஒரு கார்: கராஜில் லிஃப்ட் போட்ட கணக்கு

2022 அக்டோபர் 9

டெக்சாஸிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: “அண்ணா, எங்கள் கராஜ் கூரை 11 அடி. நான்கு தூண் லிஃப்ட் வாங்கி ஒரு காருக்கு மேல் இன்னொரு காரை நிறுத்தப் போகிறேன். 11 அடி இருந்தால் கதவைத் தொடவே வேண்டாம் என்கிறார் லிஃப்ட் விற்பவர். சரிதானே?”

சரியில்லை. விற்பவர் கூரையை மட்டும் பார்த்திருக்கிறார். கதவைத் திறந்து வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். திறந்த கதவு எங்கும் மாயமாகிவிடாது. 7 அடிக் கதவு என்றால், தரையிலிருந்து ஏழரை அடி உயரத்தில், உள்ளே எட்டு அடி நீளத்துக்குப் பரண் மாதிரி படுத்துக்கொள்ளும். லிஃப்டில் ஏறிய காரின் பின்பக்கம் வந்து நிற்கிற இடமும் அதுவேதான். ஆக அந்த இடத்தில் உங்கள் கூரை ஏழரை அடி. அதற்கு மேலே இருக்கும் மூன்றரை அடி காற்றுக்குத்தான் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

டெட்ராய்ட் பக்கம் எங்கள் வீட்டில் இந்த வேலையை முடித்து ஒரு வருடம் ஆகிறது. கணக்கை இரவில் எழுதுகிறேன்.

2022 அக்டோபர் 9, இரவு

கீழே நிற்பது டொயோட்டா கேம்ரி, 57 அங்குலம். மேலே மாஸ்டா மியாட்டா, முதல் தலைமுறை. துணிக்கூரையைப் போட்டு டேப் வைத்தால் 48½. கேம்ரியின் தலைக்கும் லிஃப்ட் தளத்துக்கும் நடுவே 3 அங்குலமாவது வேண்டும். தளத்தின் கனம் 5. எல்லாம் கூட்டினால் 113½. கூரை 132. பார்த்தால் தாராளம். ஆனால் திறந்த கதவு 90 அங்குலத்தில் கிடக்கிறது. ஏறத்தாழ இரண்டு அடி இடிக்கிறது.

கதவை மாற்றவில்லை. கதவு ஓடும் தண்டவாளத்தை மட்டும் மாற்றினோம். குறுக்குப் பலகைகளைக் கீல் போட்டுக் கோத்த கதவு இது. சாதாரணமாக நிலைக்கு மேலே வந்தவுடன் வளைந்து உள்பக்கம் படுக்கும். புதிய தண்டவாளத்தில் இன்னும் 30 அங்குலம் சுவரோடு நேராக ஏறி, அப்புறம்தான் வளையும். திறந்து முடித்த நிலையில் கதவின் அடிப்பகுதி 30 அங்குலம் வாசலுக்கு மேலே சுவரோடு தொங்கிக்கொண்டிருக்கும், மீதி 118 அங்குல உயரத்தில் படுத்திருக்கும். 118-இல் 113½ போனால் 4½. அரைச் சாண் இடைவெளி.

இந்த ஏற்பாட்டுக்கு இங்கே ‘ஹை லிஃப்ட்’ என்று பெயர். காரைத் தூக்கும் லிஃப்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெயர்க் குழப்பத்தில் கதவுக்கடைக்காரரிடம் எத்தனை டன் தாங்கும் என்று கேட்டு அவரைத் திகைக்க வைத்தேன்.

2022 அக்டோபர் 10

வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை, அதே கதவு, அதே நிறம். குடியிருப்போர் சங்கத்துக்குப் பயப்படுகிறவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

2022 அக்டோபர் 11

“தண்டவாளத்தை மட்டும் மாற்றினோம்” என்று நேற்று முன்தினம் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அது பாதி வேலைகூட இல்லை. அதை நம்பி ஒருவர் தண்டவாளம் மட்டும் வாங்கக் கிளம்பிவிட்டார் என்று தெரிந்ததும் வயிற்றைக் கலக்கியது.

கோயம்புத்தூரில் அப்பாவின் கடை ஷட்டரைப் பத்து வயதில் நான் ஒற்றைக் கையால் தூக்குவேன். பெரிய பலசாலி என்ற நினைப்பு. ஒரு நாள் காலை மேலே சுருளுக்குள் இருந்த ஸ்பிரிங் அறுந்திருந்தது. அப்பாவும் பக்கத்துக் கடைக்காரரும் சேர்ந்து முக்கி முனகித் தூக்கினார்கள். அதுவரை தூக்கியது ஸ்பிரிங்தான், நான் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கராஜ் கதவும் அப்படித்தான். வாசலுக்கு மேலே ஒரு இரும்புத்தண்டு, அதில் முறுக்கேற்றிய ஸ்பிரிங், தண்டின் இரு முனையிலும் டிரம், டிரம்மிலிருந்து கதவின் அடிக்கு இறங்கும் கேபிள். சாதாரணக் கதவில் மேலே ஏற ஏறப் பலகைகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிடுவதால் தொங்கும் எடை குறையும். ஸ்பிரிங்கின் முறுக்கும் அதே அளவில் தளரும். இரண்டும் ஜோடி சேர்ந்தே குறைவதால்தான் பாதியில் விட்டாலும் கதவு அப்படியே நிற்கிறது.

30 அங்குலம் நேராக ஏறும் கதவில் அந்த ஜோடி பிரிந்துவிடும். முதல் 30 அங்குலத்துக்கு முழு எடையும் தொங்குகிறது, ஸ்பிரிங் மட்டும் தளர்ந்துகொண்டே போகிறது. அதைச் சரிக்கட்ட டிரம் வேறு மாதிரி இருக்க வேண்டும்: ஒரு பக்கம் கூம்பு, மறுபக்கம் உருளை. கதவு மூடியிருக்கும்போது கேபிள் கூம்பின் பெரிய விட்டத்தில் இருக்கும். கதவு ஏற ஏறச் சிறிய விட்டத்துக்கு இறங்கும். முறுக்கு குறைந்தாலும் விட்டமும் குறைவதால் இழுக்கும் விசை மாறாது. 30 அங்குலம் தாண்டியதும் உருளைப் பகுதி. அங்கிருந்து பழைய கதைதான். டிரம் மாறினால் ஸ்பிரிங்கும் மாறும், கேபிள் நீளமும் மாறும்.

2022 அக்டோபர் 15

“இவ்வளவு தெரிந்துதான் ஆரம்பித்தீர்களா?” இல்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் வேலைக்கு வந்த கடையின் பெயர் வேண்டாம். புதிய தண்டவாளத்தை அழகாக மாட்டினார்கள், பழைய டிரம்மையும் பழைய ஸ்பிரிங்கையும் அப்படியே மேலே ஏற்றிவிட்டார்கள். கதவைத் திறந்தேன். முதல் இரண்டு அடிக்குள்ளேயே கனத்தது. மூச்சுப் பிடித்து முழுக்கத் திறந்து கையை எடுத்தேன். கதவு ஒரு நொடி யோசித்தது, பிறகு தானே இறங்க ஆரம்பித்தது. முதலில் மெதுவாக. கடைசி மூன்றடி மெதுவாக இல்லை. அடிப்பக்க ரப்பர் தரையில் மோதிய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஏன் என்று பிறகு கணக்குப் போட்டேன். கதவின் எடை 146 பவுண்டு. ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்திவிட்டு, கதவுக்கு அடியில் குளியலறைத் தராசை வைத்து எடுத்த எடை. (அந்தத் தராசு இன்னும் கராஜில்தான் இருக்கிறது. வீட்டில் அதைத் தேட யாருக்கும் ஆர்வமில்லை.) 7 அடிக் கதவின் ஸ்பிரிங்கை ஏழரைச் சுற்று முறுக்குவார்கள். 4 அங்குல விட்டமுள்ள டிரம் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை அங்குலம் கேபிளைச் சுற்றும். முதல் 30 அங்குலத்திலேயே கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று போய்விடுகிறது, ஆனால் எடை ஒரு பவுண்டுகூடக் குறையவில்லை. அந்த இடத்தில் ஸ்பிரிங் தாங்குவது 100 பவுண்டு, மீதி 46 என் முதுகில். முழுக்கத் திறந்த நிலையிலோ 30 அங்குலக் கதவு இன்னும் தொங்குகிறது, அது 52 பவுண்டு. ஸ்பிரிங்கில் மிச்சமிருப்பது 15 பவுண்டுக்குத்தான். 37 பவுண்டு விசையோடு கதவு கீழே வரத் துடிக்கிறது.

இரண்டாவதாக வந்தவர் தனியாக வேலை செய்யும் ஒரு வயதானவர். என் தராசுக் கணக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, கூம்பு டிரம்மும் அதற்கேற்ற ஸ்பிரிங்கும் வரவழைத்து ஒரே காலையில் முடித்தார். சாதாரண ஸ்பிரிங் 10,000 முறை திறந்து மூடும் ஆயுள் கொண்டது. ஒரு நாளைக்கு நான்கு முறை என்றால் ஏழு வருடம்கூட வராது. எப்படியும் புதுசு வாங்குகிறோம், நீளமான ஸ்பிரிங்காகப் போட்டு ஆயுளை இரட்டிப்பாக்கச் சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

2022 அக்டோபர் 16

ஸ்பிரிங்கை நானே முறுக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அந்தப் பெரியவர் பதினெட்டு அங்குல இரும்புக் கம்பி இரண்டை மாற்றி மாற்றிச் செருகி, முகத்தை ஒரு பக்கமாக விலக்கி வைத்துக்கொண்டு, கால் சுற்று கால் சுற்றாக முறுக்கினார். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையை முடித்தபிறகுதான், ஸ்குரூடிரைவரைச் செருகி முறுக்கப் பார்த்தவர்களின் விரல்கள் என்ன ஆயின என்று பேசினார். நான் முறுக்கவில்லை. நீங்களும் வேண்டாம்.

2022 அக்டோபர் 23

மோட்டார். கூரையின் நடுவில் தொங்கிக்கொண்டு சங்கிலியால் கதவை இழுக்கும் பழைய மோட்டாருக்கு இனி இடமில்லை. அதன் சங்கிலி ஓடும் தண்டு சரியாக மேல்காரின் மண்டைக்கு வரும். அதற்குப் பதில் சுவரில், ஸ்பிரிங் தண்டின் முனையிலேயே மாட்டும் மோட்டார் இருக்கிறது. கதவை இழுக்காது, தண்டைத் திருப்பும்.

இதில் ஒரு நுணுக்கம். இந்த மோட்டார் கதவைக் கீழே தள்ளாது. கேபிளை விட்டுக்கொடுக்கும், அவ்வளவுதான். கதவு தன் எடையில் இறங்க வேண்டும். சாதாரணத் தண்டவாளத்தில் திறந்த கதவு முழுக்கப் படுத்துக்கிடப்பதால், சில சமயம் இறங்க யோசிக்கும். கேபிள் தளர்ந்து டிரம்மை விட்டு நழுவும். அதைக் கவனிக்கவே தனியாக ஒரு கருவி வைத்துத் தருகிறார்கள். நம் கதவிலோ 30 அங்குலம் எப்போதும் தொங்கிக்கொண்டிருப்பதால் இந்தச் சண்டித்தனம் இல்லை. ஜாதகப் பொருத்தம் பிரமாதம்.

அப்புறம், வாசலின் குறுக்கே ஒளி பாய்ச்சிக் கவனிக்க, தரையிலிருந்து 6 அங்குலத்துக்குள் வைக்கும் சென்சார் கண்கள். 1993 முதல் அமெரிக்காவில் தயாராகும் வீட்டு மோட்டார்களுக்கு, குறுக்கே எதுவும் வந்தால் கதவைத் திருப்பும் பாதுகாப்பு கட்டாயம். என் கராஜ் நீளம் 20 அடிதான். லிஃப்டில் ஏறும் சரிவுப்பலகை வாசல்வரை நீண்டு அந்த ஒளியை மறைத்தது. கதவு பாதி இறங்கும், விளக்கைச் சிமிட்டும், திரும்ப ஏறும். நான் அந்தக் கிழவரைத் திரும்பக் கூப்பிட்டேன், அவர் வந்து பலகையைக் காலால் ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் போனார். கட்டணம் வாங்கவில்லை. என்னைப் பார்த்த அந்தப் பார்வையே போதும் என்று நினைத்திருப்பார்.

2022 நவம்பர் 6

சொல்ல விட்டுப்போனது. ஸ்பிரிங் தண்டு மேலே போகிறதே, அங்கே சுவரில் என்ன இருக்கிறது? என் வீட்டில் ஜிப்சம் பலகை மட்டும். பழைய இடத்தில் கட்டியவர்கள் தடித்த மரம் வைத்திருந்தார்கள், புதிய இடத்தில் இல்லை. உள்ளே இருக்கும் மரச்சட்டங்களைத் தேடி, அவற்றோடு சேர்த்து நீள மரப்பலகை ஒன்றைக் கனமான போல்ட்டால் இறுக்கிய பிறகுதான் தண்டைப் பொருத்த முடிந்தது. ஜிப்சத்தில் திருகி விட்டுப்போகிறேன் என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

2022 நவம்பர் 7

இன்னொரு வருத்தம். 30-க்குப் பதில் 36 அங்குலம் உயர்த்தியிருக்கலாம், கூரை இடம் கொடுத்தது. ஒரு குழல் விளக்கு குறுக்கே இருந்தது, அதைக் கழற்றச் சோம்பல். விளக்கு நாற்பது டாலர். அதற்காக 6 அங்குலத்தை விட்டுக்கொடுத்தவன் நான்.

2023 ஜனவரி 15

பனி. மியாட்டா மேலே ஏறித் தூங்குகிறது, ஏப்ரலில்தான் இறங்கும். இந்த ஊரில் குளிர்காலத்தில் காரைத் தின்பது உப்பு. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே ஆயிரத்துச் சொச்சம் அடி ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. சாலையில் கொட்ட ஆளுக்கு முன்னால் ஓடிவருவார்கள். முப்பது வயதுக் காரின் அடிப்பாகத்தை அதற்குக் கொடுக்க மனம் வரவில்லை. லிஃப்ட் வாங்கியதற்கு வீட்டில் சொன்ன காரணமும் இதுதான்.

ஏற்றிய அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பித்தானை அழுத்தியபடி துணிக்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தளத்தைத் தாங்கும் நான்கு தூண்களின் பூட்டுகளும் ‘டக், டக்’ என்று படிப்படியாக விழுந்தன. கடைசிப் படியில் ‘டிங்’ என்று மெல்லிய சத்தம். வலது பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஆன்டெனாக் கம்பி, திறந்த கதவின் அடியில் முட்டி வில்லாக வளைந்திருந்தது. திருகிக் கழற்ற இரண்டு நொடி வேலை. இப்போது அது மீன்பிடி தூண்டில் மாதிரி இருக்கிறது.

2023 ஜனவரி 17

‘டக், டக்’ என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்கிறார்: “பூட்டு 4 அங்குலத்துக்கு ஒன்றுதானே? நீங்கள் கேட்ட 60 (57+3) அங்குலத்தில் சரியாக ஒரு பூட்டு எப்படி அமைந்தது?”

அமையவில்லை. தளத்தை எப்போதும் பூட்டின்மேல் இறக்கி வைக்க வேண்டும், ஹைட்ராலிக் எண்ணெயை நம்பிக் காரை நிறுத்தக் கூடாது. எனக்கு வாய்த்த பூட்டு 61-இல் இருக்கிறது. ஆகவே இடைவெளி 4½ இல்லை, 3½. அரைச் சாணையும் வாபஸ் வாங்குகிறேன்.

2023 ஏப்ரல் 22

பனி உருகித் தண்ணீர் வாசலை நோக்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. கராஜ் தரை சமதளம் இல்லை. தண்ணீர் வெளியே போக வாசல்பக்கம் சரிந்திருக்கும். லிஃப்டை மட்டம் செய்யப் பின்தூண்களுக்கு அடியில் ஒன்றரை அங்குலம் தகடு அடுக்கினேன். கதவின் 118 அங்குலமோ வாசல்பக்கத் தாழ்வான தரையிலிருந்து எடுத்த அளவு. அப்படியானால் அதிலும் ஒன்றரை போய்விட்டது. மிச்சம் 2 அங்குலம்.

அக்டோபரில் 4½ இருந்தது. இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்குள் கார் கதவை இடித்துவிடும்.

2023 ஏப்ரல் 23

டெக்சாஸ் தம்பிதான் போட்டு உடைத்தார். “அண்ணா, ஆன்டெனாதானே கதவில் முட்டியது? அது டிக்கி பக்கம். அப்படியென்றால் கதவுக்குக் கீழே இருப்பது டிக்கிதானே? கூரை எங்கே இருக்கிறது?”

டேப்பை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். உயரத் தண்டவாளத்தில் திறந்த கதவு உள்ளே வருவது ஆறடிதான். 30 அங்குலம் சுவரோடு நின்றுவிடுகிறதே. காரின் துணிக்கூரை அதற்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. கதவுக்கு அடியில் வருவது டிக்கியின் கடைசி ஒன்றரை அடி. டிக்கிக்கும் கதவுக்கும் நடுவே டேப் வைத்தேன்: 14 அங்குலம். ஆறு மாதமாக நான் காகிதத்தில் தொலைத்துக்கொண்டிருந்த இடைவெளியை அந்த இடத்தில் ஒருமுறைகூட அளந்து பார்க்கவில்லை.

அதற்காகப் பழைய தண்டவாளமே போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். அதில் கதவு 90 அங்குலத்தில் கிடக்கிறது, என் டிக்கியின் மேல்பரப்பே 103 தாண்டுகிறது. மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் குழல் விளக்கைக் காப்பாற்றியது குற்றமில்லை என்று இப்போது தீர்ப்பளிக்கிறேன்.

2023 செப்டம்பர் 10

தம்பியின் கணக்கு வந்திருக்கிறது. அவர் கதவு 8 அடி, கூரை 11 அடி. வளைவுக்கும் ஸ்பிரிங் தண்டுக்கும் ஓரடி விட்டால் 24 அங்குலம்தான் உயர்த்த முடியும். கதவு 124-இல் படுக்கும், உள்ளே ஏழேகால் அடி வரும். கீழே ஹோண்டா அக்கார்ட், மேலே ஹோண்டா ஃபிட். ஃபிட் 60 அங்குல உயரம், போதாததற்கு டிக்கி கிடையாது. கூரை கடைசிவரை வந்து செங்குத்தாக இறங்கும். தளத்தின் அடிவரை 61, தளத்தின் கனம் 5, ஃபிட் 60, தரைச் சரிவுக்கு ஒன்றரை. மொத்தம் 127½. கூரைக்கு அடியில் நிற்கும், திறந்த கதவுக்கு அடியில் நிற்காது.

தம்பி மனம் உடைந்து லிஃப்டைத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். ஃபிட்டை ரிவர்ஸில் ஏற்றுங்கள். உயரமான பின்பக்கம் உள்சுவர் ஓரம் போய்விடும், கதவுக்குக் கீழே தாழ்ந்த பானெட் வரும். முதல்முறை தரையோடு தரையாக வைத்து, ஒருவரைப் பின்னால் நிற்க வைத்துப் பழகுங்கள். தளத்தின் அகலம் டயரைவிட ஒரு முழம்கூட அதிகமில்லை.

2023 செப்டம்பர் 24

படம் அனுப்பியிருக்கிறார். ஃபிட் மேலே, மூக்கு வாசலைப் பார்த்தபடி. கதவு திறந்திருக்கிறது. பானெட்டுக்கும் கதவுக்கும் நடுவே அவர் மகள் ஏணியில் நின்று டேப் பிடித்திருக்கிறாள். எண் சரியாகத் தெரியவில்லை, தம்பி. கொஞ்சம் கிட்டே போய் எடுத்து அனுப்புங்கள்.